இலிகிதரின் பேனாவும் சிறாப்பரின் பற்றுச்சீட்டும்

நீதிபதி வழங்கும் தீர்ப்பைப் பற்றிச் சந்திதோறும் விவாதிக்கின்றோம். மந்திரிமார் பேச்சுக்கு மறுபேச்சாகப் பத்தி பத்தியாக எழுதுகின்றோம். ஆனால், அத்தீர்ப்பை வழக்கேட்டிலே பதிகின்றவர் யார், அதன் பிரதியைத் தருகின்றவர் யார், அழைப்பாணையை நம் படலையடிக்குக் கொண்டுவருகின்றவர் யார், நாம் கட்டிய பணத்துக்குச் சீட்டெழுதித் தருகின்றவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர்தம் கடமை யாது, அதனை யாருக்குச் செய்யக் கடமைப்பட்டவர்கள் என்பது பற்றி நம் மேடைகளில் ஒரு வார்த்தைதானும் பேசப்படுவதில்லை. தமிழ்க் கமக்காரன் காணி இழந்த கதைகளை நுணுகிப் பார்த்தால், அவன் கொழும்பிலுள்ள மேல்மன்றங்களில் தோற்றது சிறிது. உள்ளூர் நீதிமன்றத்து இலிகிதர் மேசையில் தோற்றதே பெரிது. இருபது ஆண்டுகளாக வழக்குப் பேசி வருபவன் என்ற முறையில் இதனைத் துணிந்து கூறுவேன்.

இலிகிதர் என்பது பழைய சொல். பின்னர் எழுதுவினைஞர் என்றனர். இப்பொழுது முகாமைத்துவ உதவியாளர் என்று அரசாங்கம் நாமகரணம் சூட்டியுள்ளது. பெயர் நீண்டதேயன்றி மேசையும் மாறவில்லை, மேசைக்கு முன்னால் நிற்பவனின் நிலையும் மாறவில்லை. ஆதலால், பழைய சொல்லையே யான் இங்கு ஆளுவேன்.

வழக்கேடு என்னும் சாட்சி

1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைச் சட்டக்கோவையே இன்றளவும் நமது குடியியல் வழக்குகளை நடத்தும் நூல். பன்முறை திருத்தப்பட்டதாயினும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை. அதன் 92 ஆம் பிரிவு, வழக்குத் தொடங்கிய நாள்முதல் அவ்வழக்கில் நிகழ்வன யாவற்றையும் நிகழ நிகழக் குறித்துவரும் ஏடு ஒன்று இருத்தல் வேண்டும் என்கின்றது. அந்த ஏட்டை எழுதுவது இலிகிதர் கை. அதன்கீழ் நீதிபதி கையொப்பம் இடுகின்றார். ஆயினும், நாளொன்றுக்கு ஐம்பது அறுபது வழக்கேடுகள் மேசைமேற் குவியும் மன்றத்தில், ஒவ்வொரு வரியையும் நீதிபதி வாசித்தே ஒப்பமிடுகின்றார் என்று எண்ணுவது வெள்ளை மனத்தின் வேலை.

அவ்வேட்டில் இருப்பது நடந்தது, இல்லாதது நடவாதது. மாறாக ஒருவன் நிரூபிக்கும்வரை சட்டத்தின் பார்வை இதுவே. "பிரதிவாதிக்கு அழைப்பாணை சேர்ப்பிக்கப்பட்டது, பிரதிவாதி வரவில்லை" என்ற ஒரு வரி போதும், ஒருதலை விசாரணை தொடங்கிவிடும். ஒருதலைக் கட்டளை பிறந்தபின், அது தனக்குக் கிடைத்த நாளிலிருந்து பதினான்கு நாள்களுக்குள் பிரதிவாதி மன்றுக்கு வந்து, தான் வாராமைக்குத் தக்க காரணம் காட்டுதல் வேண்டும். மேன்முறையீடு செய்வதாயின் அதற்கும் பதினான்கு நாள்களுள் அறிவித்தல் கொடுத்து, தீர்ப்பு நாளிலிருந்து அறுபது நாள்களுள் மனுவைச் சமர்ப்பித்தல் வேண்டும். நாள்கள் எண்ணப்படுகின்றன, எண்ணுவது மன்றத்து ஏடு. தீர்ப்பின் பிரதி கேட்டு விண்ணப்பித்தவனை, "அடுத்த கிழமை வாரும்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினால் அறுபதில் இருபத்தொன்று போயிற்று. அப்படித் திருப்பியனுப்பும் இலிகிதர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனால், ஒருவனுடைய மேன்முறையீட்டு உரிமையில் மூன்றிலொரு பங்கைத் தின்றுவிட்டார்.

யான் ஆஜரான வழக்கொன்றைக் கூறுகின்றேன். ஊரும் பேரும் வேண்டா. வன்னிப்பகுதியில் வயல் வைத்திருந்த ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அயற்கிராமத்தில் அதே பெயருடைய வேறொருவர் இருந்தார். அழைப்பாணை அவரிடம் சென்றது. அவர் அதைப் பெற்று, தமக்குச் சம்பந்தமில்லாதது என்று பெட்டியிற் போட்டுவிட்டார். அழைப்பாணை சேர்ந்தது என்று அறிக்கை வந்தது, இலிகிதர் ஏட்டில் எழுதினார், கட்டளையும் பிறந்தது. உண்மையான பிரதிவாதி இவற்றையெல்லாம் அறிந்தது, கட்டளையை நிறைவேற்றுவதற்கு மன்றத்து உத்தியோகத்தர் வயல் வரம்பில் வந்து நின்ற நாளிலேதான். அக்கட்டளையை நீக்குவித்தோம். ஆனால், நீக்குவிக்க மூன்று போகம் சென்றது. மூன்று போகமும் அந்த வயல் தரிசாகக் கிடந்தது. இதிலே யாரும் கைலஞ்சம் வாங்கவில்லை. யாரும் சூழ்ச்சி செய்யவில்லை. பிராதிலே தகப்பன் பெயர் தெளிவாக இருந்தது. அறிக்கையிலே தகப்பன் பெயர் இல்லை. இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் செல்லும். பார்க்கவில்லை; அவ்வளவே.

பங்கு வழக்கின் பயங்கரம்

பாகப்பிரிவினை வழக்கிலே இப்பிழை இன்னும் கொடியது. நமது ஊர்களிலே பத்துப் பரப்புக் காணிக்கு இருபது பங்காளிகள் இருப்பர். அவர்களிற் பாதிப்பேர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பர். சிலர் எங்கிருக்கின்றனர் என்பதே தெரியாது. முதுசம் இது, சீதனம் இது, தேடியதேட்டம் இது என்று தேசவழமை வகுத்த வகைகள் வேறு. இத்தகைய காணிகளைப் பிரிப்பதற்கென ஆக்கப்பட்ட 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு, அவ்வழக்கிற் பிறக்கும் கட்டளை எல்லோரையும், வழக்கிலே கட்சிக்காரராக இல்லாதோரையுங்கூடக் கட்டுப்படுத்தும் என்கின்றது. நடைமுறையில் ஏதேனும் விடுபட்டாலும் குறையிருந்தாலும் கட்டளை கட்டளையே என்பது பொது விதி. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றைப் பிடித்துக் கரையேறியவர் சிலர். கரையேறாதவர் பலர்.

சட்டமியற்றியோர் நோக்கம் தவறன்று. முடிவில்லாத காணிச் சச்சரவுக்கு எங்கேனும் ஒரு முடிவு வேண்டும் என்று கருதினர். ஆனால், உலகத்தார் அனைவரையும் கட்டுப்படுத்தும் கட்டளை ஒன்றைத் தருவதாயின், உலகத்தாருக்கு அறிவிக்க வேண்டிய வேலையைச் செய்கின்றவர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! வழக்கு நிலுவையிலுள்ளது எனக் காணிப் பதிவகத்திற் பதிவு, பதிவேட்டில் பெயருள்ளோர் அனைவருக்கும் அறிவித்தல், காணியிலே விளம்பரம், நில அளவையாளர் அறிக்கை என்று படிக்குப் படி ஒரு காவலை வைத்தனர். அக்காவல் ஒவ்வொன்றுக்கும் காவலாளி ஓர் இலிகிதர். அல்லது பிஸ்கால் கந்தோர்ச் சேவகர். காவலாளி கண்ணயர்ந்தால் வீட்டுக்காரன் வாயிலுக்கு வெளியே.

பிஸ்கால் என்ற சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. கந்தோர் என்ற சொல்லைப் போல இதுவும் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற ஆதனம். அவர்கள் காலத்துப் பிஸ்கால், கம்பெனியின் சார்பிற் குற்றவாளிகள்மேல் வழக்கு நடத்தியவர். கம்பெனியின் வருமான உரிமைகளையும் காத்தவர். ஆங்கிலேயர் பெயரை வைத்துக்கொண்டு வேலையை மாற்றினர். 1867 ஆம் ஆண்டின் பிஸ்கால் கட்டளைச் சட்டத்தின்படி, மன்றங்களின் கட்டளையை நிறைவேற்றுவதே அவர் தொழில். அச்சொல்லின் மூலமான இலத்தீன் மொழியிலே அது பணக்கூடையைக் குறிக்கும். பணத்தைக் காக்கும் கையும் கட்டளையை நிறைவேற்றும் கையும் ஒரே பெயரிற் பிறந்தன என்பது வேடிக்கையான செய்தியேயாயினும், நமது பொருளுக்குப் பொருத்தமானது. ஏனெனில், பிஸ்கால் ஏலத்திலே இரண்டும் சந்திக்கின்றன. ஏலத்தில் எடுத்தவர் விலையில் இருபத்தைந்து வீதத்தை அந்த இடத்திலேயே கட்டுதல் வேண்டும். ஏலத்தை விளம்பரம் செய்ததில் முறைகேடு இருந்ததாகக் கூறுவோன் முப்பது நாள்களுள் மன்றுக்கு வருதல் வேண்டும். முன்னாளிலே பறையறைந்து அறிவித்தனர், ஊர் கேட்டது. இந்நாளிலோ, கடிதத்திலே அறிவித்தோம் என்று அறிக்கை சொல்லும். ஊர் கேட்டதா என்பதை அறிக்கை சொல்லாது.

அயலான் பணம்

இனிச் சிறாப்பரிடம் வருவோம். நீதிமன்றத்திற் கட்டும் பணம் நீதிமன்றத்திலே தங்குவதில்லை. மன்றத்து இலிகிதர் கட்டளைச் சீட்டு எழுதுவார். கட்சிக்காரன் அதைக் கொண்டு கச்சேரிக்குச் செல்வான். சிறாப்பர் பணத்தை எண்ணிப் பற்றுச்சீட்டுக் கொடுப்பார். அப்பற்றுச்சீட்டு மீண்டும் வழக்கேட்டில் வந்து சேரும். நெடுங்காலம் நமது மாவட்ட நீதிமன்றங்களில் வழங்கிய முறை இதுவே. பழைய வழக்கேடு எதனைத் திறந்தாலும் "கச்சேரிப் பற்றுச்சீட்டு இணைக்கப்பட்டுள்ளது" என்ற வரி கண்ணிற்படும். ஒரு கையெழுத்தில் ஒரு நிறுவனமும், மறு கையெழுத்தில் மறு நிறுவனமும் ஒன்றையொன்று காவல் செய்யும் இம்முறை நல்ல முறை. பணத்தைப் பெறுபவர் வேறு, பெற்றதைப் பதிபவர் வேறு, திருப்பிக் கொடுக்குமாறு ஆணையிடுபவர் வேறு. திருடுவதாயின் மூவரும் கூடித் திருடுதல் வேண்டும்.

ஆயினும், திருட்டல்லாத ஒரு வழியுண்டு. வழக்கிலக்கத்தில் ஓரெண் பிழைத்துவிட்டால் உமது பணம் வேறொருவனுடைய வழக்கிற் போய் உறங்கும். பத்து ஆண்டுகளின் பின் பணத்தைக் கேட்டுச் செல்லும்போது, "உம்முடைய வழக்கிற் பணமில்லையே" என்பர். அந்தப் பணம் எத்தகைய பணம்? தகப்பனை இழந்த பாலகனின் மரணசாசன வழக்குப் பணம். ஈட்டைத் தீர்க்கக் கட்டிய பணம். காணி சுவீகரிப்பு நட்டஈட்டுப் பணம். 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ், உரித்தைப் பற்றித் தகராறு எழுந்தாலோ, உரியவர் பணத்தை ஏற்க மறுத்தாலோ நட்டஈட்டை மன்றிற் கட்டிவிட்டு அரசாங்கம் தன் கடமை முடிந்தது என்று சென்றுவிடும். 2013 ஏப்பிரிலில் வலிகாமம் வடக்கிலே 6,381 ஏக்கரை எடுப்பதற்கு அறிவித்தல் ஒட்டப்பட்டதை நம் மக்கள் மறந்திரார். நிலத்தை எடுப்போருக்கும் நிலத்தை இழப்போருக்கும் இடையில் எஞ்சி நிற்கும் ஒரே பொருள் அந்த வைப்புப் பணம். அதனைக் காப்பவர் சிறாப்பரும் கணக்காளரும்.

இதிலே சட்டரீதியான ஒரு வேறுபாட்டை நம் உத்தியோகத்தரே பலகாலும் மறந்துவிடுகின்றனர். வரியும் முத்திரைக் காசும் தண்டமும் அரசாங்க வருமானம். அவை திரட்டு நிதிக்குச் செல்வன. பாராளுமன்றத்தின் முழு அதிகாரத்துக்கு உட்பட்டவை என்று அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை கூறும் பொது நிதி அது. மன்றத்து வைப்போ அரசாங்கப் பணமன்று, அயலான் பணம். அரசாங்கத்தின் பெட்டியில் இருப்பதாலேயே அது அரசாங்கத்தினது ஆகிவிடாது. நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கும் பணத்தைக் கேட்டு வருபவனை யாசகனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பதற்கு எந்தக் கணக்காளருக்கும் உரிமையில்லை. 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், உத்தியோகத்தரின் முறைகேட்டால் ஏற்பட்ட நட்டத்தை அவரிடமிருந்தே அறவிடும் வழியை வகுத்துள்ளது. அரசாங்கத்துக்கு நேர்ந்த நட்டத்தைப் பற்றியதே அதன் கவலை. கமக்காரன் பத்து முறை கச்சேரிக்கு அலைந்ததால் நேர்ந்த நட்டத்தை அறவிடும் சட்டம் இன்னும் பிறக்கவில்லை.

பணத்தைக் கையாளும் உத்தியோகத்தர் பிணை கொடுத்தே பதவியேற்கும் வழக்கம் நம் நாட்டிலும் பழையது. அமெரிக்காவிலே மாநிலங்கள் பலவற்றில் இன்னும் ஒருபடி மேலே சென்று, கவுண்டி என்னும் பிரிவின் இலிகிதரையும் பொருளாளரையும் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். அவர்களும் பிணைமுறி எழுதியே ஆசனத்தில் அமர்கின்றனர். ஊரவர் வாக்கில் வந்தவர் ஊரவரை "நாளைக்கு வா" என்று சொல்ல அஞ்சுவார் என்பது தத்துவம். நமக்கும் அது வேண்டும் என்று யான் கூறேன். இலிகிதர் பதவிக்கும் தேர்தல் வைத்தால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்பதை வாசகர் நன்கறிவர்.

கோடீஸ்வரனும் கென்ரக்கி இலிகிதரும்

மொழிப் பிரச்சினையை விட்டுவிட்டு இலிகிதர் கடமையைப் பற்றித் தமிழன் பேச முடியாது. 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் நம்மை எங்கே தாக்கியது? மந்திரிசபையில் அல்ல, கச்சேரி யன்னலிலும் மன்றத்து மேசையிலும் தாக்கியது. 1961 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றங்களையும் சிங்களமயமாக்க வழி செய்தது. அவ்வாண்டு பெப்ரவரி 20 ஆந் திகதி சத்தியாக்கிரகிகள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் அமர்ந்தனர். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று அது பரவியது. ஏப்பிரில் 14 இல் தமிழரசு அஞ்சற் சேவை தொடங்கப்பட, ஏப்பிரில் 17 இல் அவசரகாலச் சட்டம் பாய்ந்தது, தலைவர்கள் சிறைப்படுத்தப்பட்டனர். அவர்கள் ஏன் கச்சேரியை மறித்தனர் என்பதைச் சிந்திக்கவேண்டும். அரசாங்கம் என்பது சாதாரண மனிதனுக்கு இலிகிதரும் சிறாப்பருமே என்பதைத் தந்தை செல்வா அறிந்திருந்தார்.

அதே காலத்திலே, 1961 டிசெம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விட்டது: சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியடையாத உத்தியோகத்தரின் சம்பள உயர்வு நிறுத்தப்படும். செல்லையா கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞர் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவர் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் பின்னிற்க, அவர் வழக்குத் தொடுத்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், முடியின் ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிமேல் வழக்காட முடியாது என்று கூறி அதனை மாற்றியது. 1969 இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம், வழக்காடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் பெரிய வினாவை விசாரிக்குமாறு உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்குச் செல்லும் வழி அடைக்கப்பட்டது. 1972 இன் அரசியலமைப்பு வினாவையே விழுங்கிவிட்டது.

சிலர் கேட்பர்: மேலிடத்துக் கட்டளைக்கு இலிகிதர் பணிய மறுத்தது கடமை தவறியதாகாதா? நல்ல வினா. இதற்கு விடை காண அண்மைக்காலச் செய்தி ஒன்று உதவும். 2015 யூன் மாதத்திலே அமெரிக்க உயர் நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணம் செய்யும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. கென்ரக்கி மாநிலத்து ரோவன் கவுண்டியின் இலிகிதர், தம் சமய நம்பிக்கைக்கு மாறானது என்று கூறித் திருமண அனுமதிப்பத்திரம் வழங்குவதையே நிறுத்தினார். செப்டெம்பரில் நீதிபதி அவரை மன்றவமதிப்புக்காகச் சிறைக்கனுப்பினார். சில நாள்களில் விடுதலையானார். 2018 இல் தேர்தலிலும் தோற்றார். இருவரும் மறுத்தனர், இருவரும் மனச்சாட்சியின் பெயரால் மறுத்தனர். ஆனால், கோடீஸ்வரன் தம் மேசைக்கு வந்த எவருடைய கடிதத்தையும் திருப்பியனுப்பவில்லை. இழந்தது தம் சொந்தச் சம்பள உயர்வை. கென்ரக்கி இலிகிதரின் மனச்சாட்சிக்கு விலை கொடுத்தவர்களோ, யன்னலுக்கு வெளியே நின்ற பொதுமக்கள். உத்தியோகத்தன் தனக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்க்கலாம். தன் பொருளைச் செலவிட்டு எதிர்க்கலாம். தன் பதவியின் கதவை மக்கள் முகத்தில் அடித்துத் தன் கொள்கையைக் காப்பதற்கு அவனுக்கு அதிகாரமில்லை. அவர் சமயத்தைப் பற்றியோ, அத்திருமணத்தைப் பற்றியோ வாசகர் எக்கருத்துக் கொண்டவராயினுமாகுக, வேறுபாடு இதுவே.

நம் மொழியின் சட்டநிலை அதன்பின் மாறியது. 1973 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் வடக்குக் கிழக்கு மன்றங்களிலே தமிழுக்குச் சிறிது இடம் கொடுத்தது. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988 இன் பதினாறாந் திருத்தம் 24 ஆம் உறுப்புரையைத் திருத்தியமைத்தது. இன்று வடக்குக் கிழக்கிலே மன்றத்தின் மொழி தமிழ். வழக்கேடும் தமிழிலேயே இருத்தல் வேண்டும். பிறவிடங்களில் வழக்காடும் தமிழனுக்குத் தமிழிலே மனுச் செய்யவும், வழக்கேட்டின் உரிய பகுதிகளை மொழிபெயர்ப்பாகப் பெறவும் உரிமையுண்டு. அதற்கு ஏற்பாடு செய்வது அரசாங்கத்தின் கடமை. நுவரெலியாவிலே மன்றேறும் தோட்டத் தொழிலாளிக்கு இவ்வுரிமை எழுத்திலே உண்டு. மொழிபெயர்ப்பாளர் நாற்காலி வெறுமையாக இருந்தால் எழுத்து என்ன செய்யும்? 2007 இன் 7 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, புதிதாகச் சேரும் உத்தியோகத்தர் ஐந்தாண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியைக் கற்கவேண்டும் என்றது. கோடீஸ்வரன் காலத்தில் ஒருவழிப் பாதையாக இருந்தது தாளிலே இருவழிப் பாதையாகியுள்ளது. வடக்கிலே பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, விளங்காத மொழிக்குக் கீழே நம்மவர் கையொப்பமிடும் காட்சியை இன்னும் காண்கின்றோம். அந்த முறைப்பாடு மன்றுக்கு வரும்போது, மொழிபெயர்ப்புக்கென ஒரு தவணை. மொழிபெயர்ப்புப் பிழைத்ததெனின் இன்னொரு தவணை.

நம்மவர் பற்றி

இவ்வளவும் கொழும்பின்மேற் சுமத்தக்கூடிய குற்றம். இனிச் சுமத்த முடியாததைக் கூறுவோம். வடக்கிலே மன்றத்து மேசையில் இருப்பவரும் தமிழர். கச்சேரி யன்னலில் இருப்பவரும் தமிழர். அவர்முன் நிற்பவரும் தமிழர். மொழி தடையில்லை. பின் ஏன் வெங்காயத்துக்கு இறைப்பு நாளை விட்டுவிட்டு விடிய முதற் பஸ்ஸில் வந்தவர், பத்தரை மணிவரை விறாந்தையில் நிற்கின்றார்? பத்தரைக்கு ஏன் "அவர் இன்று லீவு" என்ற விடை கிடைக்கின்றது? வேட்டி கட்டியவரை "நீர்" என்றும், காற்சட்டை அணிந்தவரை "ஐயா" என்றும் அழைக்கும் இலக்கணத்தை எந்தச் சுற்றறிக்கை கற்பித்தது? எங்கள் சமுதாயம் அரசாங்க உத்தியோகத்தைப் பூசித்த சமுதாயம். மகனை இலிகிதனாக்குவதற்குத் தோட்டத்தை ஈடுவைத்த தந்தையர் ஆயிரம். அந்த மகன் கந்தோரில் அமர்ந்து, தோட்டக்காரனைக் கண்டு முகஞ்சுளிக்கும்போது, அவன் யார் வியர்வையிற் படித்தான் என்பதை யாராவது அவனுக்கு நினைவூட்டவேண்டும்.

ஆளணி போதாது என்பர். உண்மை; பல மன்றங்களில் வெற்றிடங்கள் உண்டு, இருப்பவர்மேற் சுமை அதிகம். ஆயினும், பற்றுச்சீட்டைத் தெளிவான எழுத்தில் எழுதுவதற்கு ஆளணி வேண்டா. என்று வந்தால் பிரதி கிடைக்கும் என்று ஒரு திகதியைச் சொல்வதற்கும், அத்திகதியிற் கொடுப்பதற்கும் மேலதிக ஊழியர் வேண்டா. இன்னொன்றும் கூறவேண்டும்: இலிகிதருக்கு "தேத்தண்ணிக் காசு" கொடுத்துக் கோப்பை நகர்த்தும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் கமக்காரர் அல்லர். கறுப்புக் கோட்டு அணிந்த எம் தொழிலாளரிற் சிலரே. வாங்குவோர்போலக் கொடுப்போரும் குற்றவாளிகளே என்று 1954 இன் இலஞ்சச் சட்டமும் கூறியது. அதன் இடத்தில் வந்துள்ள 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் கூறுகின்றது. காசு கொடுத்து ஒரு கோப்பு முன்னே செல்லும்போது, காசில்லாதவன் கோப்பு ஒன்று பின்னே செல்கின்றது என்பதைச் சட்டத்தரணிகள் சங்கங்கள் தம் கூட்டங்களிற் பேசினால் நன்று.

வரிசையில் நின்றவர்கள்

இவையெல்லாம் சில்லறைக் குறைகள், இனப்பிரச்சினை தீராமல் இவற்றைப் பேசுவானேன் என்று நம் அரசியல்வாதிகள் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் 2025 ஐ நினைவுகூர்க. அவ்வாண்டு மார்ச் 28 ஆந் திகதிய வர்த்தமானியில், காணி நிருணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் கோரவேண்டும், தவறினால் அரசுடைமையாகும் என்று அறிவிக்கப்பட்டது. எழுந்த எதிர்ப்பை அனைவரும் அறிவர். யூன் மாதத்திலே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அது நல்ல செய்தி. ஆனால், அந்த மூன்று மாதமும் நம் மக்கள் எங்கே நின்றனர்? காணிப் பதிவக விறாந்தைகளில் நின்றனர். உறுதி போரிலே எரிந்தவர், இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு இழந்தவர், தாயின் பெயரிலிருந்ததைத் தன் பெயருக்கு மாற்றாதவர் என்று பல திறத்தினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது பதிவேட்டின் ஒரு பிரதி. அந்த ஒரு தாளுக்காகக் கடல் கடந்தும் மைந்தர்கள் வந்தனர்.

1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னெழுதிய உறுதியாயினும் பதியப்படாவிடின், விலை கொடுத்துப் பின்னெழுதி முன்பதிந்த உறுதிக்குத் தோற்றுவிடும். ஆகவே, எந்த நாளில், எந்த ஏட்டில், எத்தனையாம் வரிசையில் இலிகிதர் பதிந்தார் என்பதே உரித்து. 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு தனித்த ஆட்சியிருந்தால் உரித்தாகும் என்கின்றது. போரினால் ஊரை விட்டோடியவர் காணியைப் பிறர் பத்தாண்டு ஆண்டுவிட்டனர் என்ற அநீதியை நீக்க, 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்றது. வழக்குத் தொடுக்க இரண்டாண்டு தவணை தந்தது. அத்தவணை முடிந்தபின்னர், அப்படியொரு சட்டம் வந்ததா என்று என்னிடம் கேட்டவர் பலர். கிராமத்துக்கு அதை அறிவிக்கும் பொறுப்பு யாருக்கென்று எச்சுற்றறிக்கையும் கூறவில்லை.

ஆதலின், நம் கிளைச் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மன்றத்திலோ கச்சேரியிலோ பணம் கட்டுவோர் யன்னலை விட்டு அகலுமுன் பற்றுச்சீட்டை வாசித்து, வழக்கிலக்கத்தை ஒப்புநோக்குக. விளங்காத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிடாதிருக்க. தீர்ப்பு வாசித்த அன்றே பிரதிக்கு விண்ணப்பித்து, விண்ணப்பித்த திகதியை எழுத்திலே பெறுக. தாமதமானால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. அது நீதிமன்றக் கந்தோரையும் கட்டுப்படுத்தும், பதினான்கு வேலை நாள்களுள் முடிவு கூறவேண்டும். மொழிக் குறைகளை 1991 இன் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுக. இவற்றைத் தனியொரு கமக்காரன் செய்தால் அவன் கோப்பு மறுநாளே காணாமற் போகக்கூடும், அச்சம் நியாயமானது. கிராமத்தின் சார்பில் இருவர் செய்தால் அச்சமில்லை. எழுத வாசிக்க அறிந்த, வாய்த்துடுக்கில்லாத, பொறுமையுள்ள இளைஞர் அல்லது யுவதியர் இருவரைக் கிளைதோறும் தெரிந்து, பிராதும் பற்றுச்சீட்டும் பதிவேடும் வாசிக்கப் பழக்க யானும் என் தொழிற்றோழர் சிலரும் ஆயத்தமாக இருக்கின்றோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். கிளைச் செயலாளர்கள் பெயர்களை அனுப்பும்போது, தகப்பன் பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதி அனுப்புவார்களாக.